ஊராட்சிக் குழுக்களுக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பயிற்சி: எங்கிருந்து ஆரம்பிப்பது?

மூன்றுசக்கரம்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஒன்றியத்தில் பதினைந்து ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகள் குழுக்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் புது வாழ்வு என்ற கிராமப்புற வறுமை ஒழிப்புத் திட்டம் நடந்த காலத்தில் கடனுக்காகச் சேர்ந்தவை. திட்டம் முடிந்த பிறகு மாதம் ஒருமுறை கூடுவது, சந்தா போடுவது, யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு என்றால் அதிலிருந்து கொடுப்பது, அதோடு சரி. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தம் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியதிலிருந்து எல்லோருக்கும் திடீர் ஆர்வம். எங்கள் மாவட்டத்தில் ஊராட்சி மன்றங்களின் காலம் முடிந்து, மன்றத்தின் பொறுப்பைப் பார்க்க அரசின் தனி அலுவலர் வந்துவிட்டார். தேர்தல் நடந்து மன்றம் அமைந்தால் ஒவ்வொரு ஊரிலும் நம் ஆள் ஒருவர் உள்ளே உட்காருவார். உட்கார்ந்து என்ன பேசுவார்? அதுதான் இப்போது என் கவலை.

ஒன்றியக் கூட்டமைப்பின் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு ஒரு பயிற்சி நடத்தலாம் என்று யோசனை. முன்பு ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தது. மண்டபம் முதல் மாடியில்! வீல்சேரில் வந்தவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். சென்னையிலிருந்து வந்தவர் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் ஷரத்துகளை வரிசையாகத் திரையில் போட்டு விளக்கினார், மதியம் பிரியாணி, சாயங்காலம் ஃபைலும் பேனாவும் கொடுத்து குரூப் போட்டோ. அவர் சொன்னது எதுவும் தவறில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு குழுகூட ஒரு மனுகூட எழுதவில்லை.

எங்களிடம் எல்லா வகையினரும் கலந்து இருக்கிறார்கள். கை கால் பாதிப்பு, பார்வை, செவித்திறன், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. கூட்டம் என்றால் கால் பாதிப்புள்ள ஆண்கள் நாலைந்து பேர்தான் பேசுவார்கள், நானும் அதில் ஒருவன். என்ன சொல்லிக்கொடுப்பது, யார் சொல்லிக்கொடுப்பது, எத்தனை நாள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மனுக்கட்டு:

தோழர், முதல் கூட்டத்தில் சட்டத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடு, வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் என்று ஆரம்பித்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். "உங்கள் ஊரில் உங்களால் போக முடியாத இடம் எது?" என்று மட்டும் கேளுங்கள். ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், ஓட்டுப் போடும் பள்ளிக்கூடம் என்று வரும். அதில் ஒன்றை மட்டும் அந்தக் குழுவே தேர்ந்தெடுக்கட்டும். பயிற்சி முழுவதும் அந்த ஒன்றைச் சுற்றியே நடக்கட்டும்.

ரேஷன் கடை என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் அங்கே போங்கள், டேப் எடுத்துக்கொண்டு. படி எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்று குழு உறுப்பினர்களே அளக்க வேண்டும். மூன்று படி, ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 45. சாய்தளம் 1:12 சாய்வில் இருக்க வேண்டும், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 45ஐ 12ஆல் பெருக்கினால் 540 சென்டிமீட்டர், ஏறக்குறைய பதினெட்டு அடி. ஊரில் கட்டி வைத்திருப்பது ஆறு அடி இருக்கும், அதில் பைக் ஏறும், வீல்சேர் ஏறாது, ஏற்றினால் பின்னால் சாயும். "சாய்தளம்தான் கட்டிவிட்டோமே" என்று அதிகாரி சொல்லும்போது இந்தக் கணக்கைச் சொல்ல நம் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேராகப் பதினெட்டு அடிக்கு இடமில்லை என்பார்கள். நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த கூட்டம் மனு எழுத. நம் மக்கள் எழுதும் மனு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: "மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம், எங்களுக்கு வீடு, உதவித்தொகை, வேலை, சாலை வசதி செய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." நாலு துறை வேலை ஒரே தாளில், அது எந்த மேஜைக்கும் போகாது. அதற்குப் பதிலாக இப்படி எழுதச் சொல்லுங்கள்: "எங்கள் ஊர் ரேஷன் கடை வாசலில் 45 செ.மீ. உயரத்துக்கு மூன்று படிகள் உள்ளன. சாய்தளம் இல்லை. இந்தக் கடையில் கார்டு உள்ளவர்களில் கீழே கையெழுத்திட்டிருக்கும் நாங்கள் படி ஏற முடியாதவர்கள். 1:12 சாய்வில் இருபுறமும் கைப்பிடியோடு சாய்தளம் கட்ட மதிப்பீடு தயாரித்து, எப்போது வேலை தொடங்கும் என்று எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்." ஒரு மனுவில் ஒரே விஷயம். ஜெராக்ஸ் ஒன்று குழுவின் ஃபைலில். கொடுத்த இடத்தில் ஒப்புகை வாங்காமல் நகரக் கூடாது.

சட்டத்தை இந்த இடத்தில் கொண்டுவாருங்கள், அப்போது காதில் ஏறும். இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லாம் விதிகள் வந்து ஐந்து ஆண்டுக்குள் அணுகத்தக்கதாக மாற்ற வேண்டும் என்கிறது பிரிவு 45. மத்திய அரசின் விதிகள் 2017 ஜூனில் வந்தன, அந்தக் கணக்கில் 2022 ஜூனோடு கெடு முடிந்தது. புதுக் கட்டடம் என்றால் பிரிவு 44, அணுகல் தரம் இல்லாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றே கொடுக்கக் கூடாது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயம் பின்பற்ற வேண்டியவையாக வகுக்கப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

மனுவுக்குப் பதில் வரவில்லையா, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்தத் தேதியில் கொடுத்த எங்கள் மனுவின் மீது என்ன நடவடிக்கை, எந்த அலுவலரிடம் இருக்கிறது, குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பல இடங்களில் இந்தத் தாள் போன பிறகுதான் ஃபைலே திறக்கப்படும். இந்த முழுச் சுற்றையும் ஒரு குழு ஒருமுறை தானே சுற்றி வந்துவிட்டால் அடுத்த விஷயத்துக்கு உங்களைக் கூப்பிடாது. அதுவரை சான்றிதழ், பேனா, குரூப் போட்டோ எதுவும் வேண்டாம் என்பேன் நான். பிரியாணி இருக்கட்டும்.

வெள்ளைக்கோல்:

மேலே தோழர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் டேப்பும் ஜெராக்ஸும் கண் தெரிகிறவர்களின் பயிற்சி. எனக்குப் பார்வை கிடையாது, அரசுப் பள்ளி ஆசிரியர், இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு நிறையப் போயிருக்கிறேன். "திரையில் பார்த்தீர்கள் என்றால்" என்று பயிற்சியாளர் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பேன், அவர் எங்கே இருக்கிறார் என்று உத்தேசமாகத்தான்.

சில சின்ன ஏற்பாடுகள். கையேடு அச்சடிக்கும் பணத்தை மிச்சம் பிடியுங்கள். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அன்றைக்குப் பேசியதை இரண்டு மூன்று நிமிட ஆடியோவாக வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பார்வை இல்லாதவர், படிக்கத் தெரியாதவர், அன்றைக்குக் காய்ச்சலில் படுத்தவர் மூவருக்கும் ஒரே ஆடியோ போதும். அளக்கும்போது பார்வையற்றவர் கையில் டேப்பின் ஒரு முனையைக் கொடுங்கள், படியின் விளிம்பை அவர் தொட்டுப் பார்க்கட்டும். சாய்தளத்தின் கைப்பிடி எங்கே முடிகிறது, அதற்கு அப்புறம் சாக்கடை திறந்து கிடக்கிறதா என்பதையெல்லாம் அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

காது கேளாதவர்கள் விஷயம் கஷ்டமானது, அதை மறைக்க வேண்டாம். கிராமத்தில் பள்ளிக்கூடமே போகாத காது கேளாதவருக்கு இந்திய சைகை மொழி தெரியாது, வீட்டில் அம்மாவோ அக்காவோ புரிந்துகொள்ளும் சைகைதான் தெரியும். அவருக்கு மாவட்டத் தலைநகரிலிருந்து சைகை மொழிபெயர்ப்பாளரைக் கூட்டி வந்தாலும் பாதிதான் போய்ச் சேரும். அந்த அக்காவையும் கூட்டத்துக்கு அழையுங்கள், அதோடு சைகை மொழி தெரிந்த, காது கேளாத இளைஞர் ஒருவரையும். மூன்று பேர் சேர்ந்தால் விஷயம் நடக்கும். நேரம் இரண்டு மடங்கு ஆகும், அதற்குத் தகுந்தாற்போல நிகழ்ச்சியைக் குறையுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் பிரிவு 6இலேயே இருக்கிறது. பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ளவருக்கு ஆவணத்தைப் பார்வையிட உதவி செய்ய வேண்டும் என்று பிரிவு 7இல். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் அலுவலகத்துக்கே போய் "நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள்" என்று உட்கார்ந்துவிட்டார். முதலில் முறைத்தார்கள், அப்புறம் ஒரு பெண் ஊழியர் எழுதிக் கொடுத்தார்.

இடம் பிடிக்கும்போது கழிப்பறையை நீங்களே போய்ப் பாருங்கள். "இருக்கிறது" என்று மண்டபக்காரர் சொல்வார். கதவு அகலம் என்ன, இந்தியன் கோப்பையா வெஸ்டர்னா, தண்ணீர் வருகிறதா? கழிப்பறை சரியில்லாத இடத்துக்கு வரும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். உடன் வருபவருக்கும் பஸ் காசு, வேலை கெட்டவருக்கு அன்றைய கூலி, இரண்டையும் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

முன்னாள் தாலுக்கா:

வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள் என்றால் கட்டுக்கட்டாக வரும். வாங்கி, கணினியில் ஏற்றி, எண் போட்டு, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே இருப்பவருக்கு முதல் வேலை நிலுவையைக் குறைப்பது. மனுவில் இன்னது வேண்டும் என்று தெளிவாக இல்லாவிட்டால் "மனுதாரரின் கோரிக்கை விதிகளின்படி பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாம், கணக்கில் அது தீர்க்கப்பட்ட மனு. "மதிப்பீடு தயாரிக்கவும்", "எழுத்தில் காரணம் தெரிவிக்கவும்" என்று இருந்தால் அப்படி முடிப்பது சிரமம். மேலே மனுக்கட்டு சார் எழுதியிருக்கும் மாதிரி சரியான மாதிரி.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் நம் மக்கள் அலைகிறார்கள். உதவித்தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை வேறு, வருவாய்த் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்ட ஓய்வூதியம் வேறு. முன்னது கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு முதலியவர்களுக்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் மூலம். 2023 ஜனவரியிலிருந்து அது 2,000 ரூபாய் ஆனது. பின்னது தாலுக்காவில் தனி வட்டாட்சியர் மூலம், அதே மாதம் 1,000இலிருந்து 1,500 ஆனது. இரண்டு அலுவலகம், இரண்டு படிவம், இரண்டு தகுதி. தாலுக்காவுக்கு வர வேண்டியவர் நல அலுவலரிடம் மனு கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் பயிற்சியில் எந்தக் கோரிக்கை எந்த அலுவலகம் என்று ஒரு பெரிய தாளில் போட்டு மாட்டுங்கள். பார்வையற்றவர்களுக்கு அதையே ஆடியோவாக.

இன்னொன்று. ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் பிரிவு 23 சொல்கிறது. "உங்கள் அலுவலகத்தில் அவர் யார்?" என்று ஒரு வரிக் கடிதம் எழுதிப் பாருங்கள். யாரையும் நியமிக்காத இடத்தில் உடனே ஒருவரை நியமித்துவிடுவார்கள், அதுவே ஒரு வேலை. கீழே எதுவும் நடக்கவில்லை என்றால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். விசாரணைக்கு ஆளை அழைக்கவும் ஆவணம் கேட்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. வக்கீல் வேண்டும் என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகக் கிடைப்பார்.

தெருமுனை:

எல்லோரும் மனு மனு என்கிறீர்கள். மனு எழுதக் கற்றுக்கொடுப்பது நல்ல விஷயம்தான், ஆனால் அதோடு நிறுத்தினால் நல்ல கையெழுத்தில் கெஞ்சுகிறவர்களைத்தான் உருவாக்குவீர்கள். 2016 சட்டத்துக்கு முன்பு இருந்த 1995 சட்டம் எப்படி வந்தது? டிசம்பர் 19 அன்று டெல்லியில் மாற்றுத்திறனாளி உரிமைப் போராளி ஜாவேத் அபிதி முதலானவர்கள் நாடாளுமன்றத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள், 22ஆம் தேதி சட்டம் நிறைவேறியது. நம் மாநிலத்தில் 100 நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு மணி நேர வேலைக்கு முழுக் கூலி என்று 2012இல் அரசாணை 52 போட்டார்கள். அந்த ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு பணித்தளத்தில் நின்றாலும் "எனக்கு மேலிருந்து எதுவும் வரவில்லை" என்ற பதில்தான் எத்தனையோ ஊர்களில். பி.டி.ஓ. அலுவலக வாசலில் நூறு பேர் சாப்பாட்டு மூட்டையோடு குடியேறினால்தான் மேலிருந்து வரும்.

அதனால் பயிற்சியில் இதையும் சேருங்கள்: போராட்டத்துக்குப் போலீஸில் எப்படித் தகவல் கொடுப்பது, பேச்சுவார்த்தைக்கு உள்ளே கூப்பிட்டால் யார் யார் போவது (ஒரு ஆள் மட்டும் போகவே கூடாது, அதில் ஒரு பெண் கட்டாயம்), அதிகாரி வாயால் சொல்வதை எழுதிக் கையெழுத்து வாங்குவது, வெயிலில் உட்காரும்போது மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர்களை யார் கவனிப்பது. இதெல்லாம் தெரியாமல் கூட்டி வந்து உட்கார வைத்தால் மதியத்துக்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

மனுக்கட்டு:

தெருமுனை தோழருக்கு: சண்டையே இல்லை. உள்ளே பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கையில் ஒப்புகைச் சீட்டோடு ஆறு மனு, பதில் வராத தகவல் உரிமை விண்ணப்பம் எல்லாம் தேதி வாரியாக இருந்தால் "என் கவனத்துக்கே வரவில்லை" என்று அவரால் சொல்ல முடியாது. ஃபைல் இல்லாமல் போய் உட்கார்ந்த போராட்டங்களில் "பத்து நாளில் பார்க்கிறோம்" என்பதற்கு மேல் எதுவும் வாங்கி வந்து நான் பார்த்ததில்லை.

கண்ணனின் அம்மா இல்லை, வேறொரு அம்மா:

எல்லாரும் படியேற முடியாதவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகனுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு. படியெல்லாம் என்னைவிட வேகமாக ஏறுவான். அவனுக்குப் பூட்டிய கதவு வேறு. குழுக் கூட்டத்தில் அவன் பெயரைப் பதிவேட்டில் எழுதுவார்கள், கையெழுத்து நான் போடுவேன், கருத்தும் நான் சொல்வேன். பெற்றோர் வந்துவிட்டால் அந்தப் பிள்ளை வந்த மாதிரி என்று எல்லாருக்கும் நினைப்பு, எங்களுக்கும்தான்.

ஒருமுறை வந்த பயிற்சியாளர் பெண் ஒருத்தி வேறு மாதிரி செய்தாள். பஸ், பள்ளிக்கூடம், கடை, ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம் என்று போட்டோக்களைத் தரையில் பரப்பி, பெரியவர்களை வெளியே போய் டீ குடிக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகளிடம் "எது வேண்டும், எது பயம்" என்று எடுத்துக் காட்டச் சொன்னாள். என் மகன் பஸ்ஸை "வேண்டும்" பக்கத்திலும் ஆஸ்பத்திரியை "பயம்" பக்கத்திலும் வைத்தான். பஸ்ஸில் தனியாகப் போக வேண்டும் என்பது அவன் ஆசை என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் அந்தக் கூட்டத்துக்கு உதவித்தொகை கேட்கத்தான் போயிருந்தேன்.

அதனால் மூன்றுசக்கரம் தம்பி, பிள்ளைகளுக்கு ஒரு அமர்வு, பெற்றோருக்குத் தனியாக ஒன்று வையுங்கள். பெற்றோர் அமர்வில் காப்பாளர் பற்றிப் பேச வேண்டும். 18 வயது முடிந்ததும் எல்லாக் கையெழுத்தும் நாமே போடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2016 சட்டத்தின் பிரிவு 14 சொல்வது வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறை, அதாவது எந்த விஷயத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று வரையறுத்து, அவர்களோடு கலந்து முடிவெடுப்பது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு நான்கிற்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் தனியாக இருக்கிறது, அதன்படி மாவட்டத்தில் உள்ளூர்க் குழுவும் உண்டு. இதைத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

பெண்களுக்கும் தனி அமர்வு வேண்டும், ஆண்கள் யாரும் இல்லாமல். ஊரில் வாய் பேச முடியாத பெண்ணை, காது கேளாத பெண்ணைச் சீண்டினால் கேட்க ஆளில்லை என்ற தைரியம் சிலருக்கு இருக்கிறது. 2016 சட்டத்தின் பிரிவு 92இல் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது, பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும் அதற்குள் வரும். ஆனால் ஸ்டேஷனில் அந்தப் பிரிவைச் சொல்லித்தான் எழுத வைக்க வேண்டும், அவர்களாகப் போடமாட்டார்கள்.

வன்னிப்பக்கம்:

வணக்கம் அண்ணா. நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் யுத்தத்தில் கால் இழந்தவர்கள், கண் இழந்தவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் நிறையப் பேர். சட்டம் என்று பார்த்தால் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள். ஐ.நா. சமவாயத்தை (நீங்கள் சொல்லும் உடன்படிக்கை) இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது 2016இல்தான், நீங்கள் 2007இலேயே செய்துவிட்டீர்கள். ஆக உங்களுக்கு இருக்கிற பிரிவுகள் எல்லாம் எங்களுக்கு இல்லை. ஆனால் குழுக்கள் படும் பாடு ஒன்றுதான்.

இங்கே யுத்தம் முடிந்த கையோடு எத்தனையோ செயற்திட்டங்கள் வந்தன, கிராமத்துக்குக் கிராமம் சங்கம் அமைத்தார்கள், பட்டறை நடத்தினார்கள். செயற்திட்டம் முடிய கூட்டக் குறிப்புப் புத்தகமும் கோவையும் (உங்கள் ஃபைல்) களப்பணியாளரோடேயே போய்விட்டன. எந்தக் கடிதம் பிரதேச செயலகத்துக்குக் கொடுத்தது, என்ன பதில் வந்தது என்று சங்கத்திடம் ஒரு துண்டும் இல்லை. தப்பிப் பிழைத்த சங்கங்களைப் பார்த்தால், கோவை ஒரு உறுப்பினரின் வீட்டில் இருந்திருக்கும், சந்தாவை விடாமல் சேர்த்திருப்பார்கள், கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போக வான் வண்டிக்குக் காசு யாரையும் எதிர்பார்த்து இருந்திருக்க மாட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களுக்கும் 2016இல் வந்தது, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதைப் பாவித்து வீதியோர நடைபாதை விடயம் கேட்ட சங்கத்தை எனக்குத் தெரியும்.

பயிற்றுநர் யார் என்று கேட்டிருந்தீர்கள். வெளியாள் ஒருமுறை வந்து உங்கள் ஆட்களில் ஐந்தாறு பேரைப் பழக்கட்டும். பிறகு ஊர் ஊராகப் போகிறது அந்த ஐந்தாறு பேராக இருக்கட்டும். அதில் நன்றாகக் கதைக்கிறவர்களை மட்டும் எடுத்தால் திரும்பவும் நீங்கள் சொன்ன அந்த நாலைந்து ஆண்கள்தான் வருவார்கள்.

மூன்றுசக்கரம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மூன்று ஊராட்சிகளில் மட்டும் முதலில் ஆரம்பிப்பது என்று கூட்டமைப்பில் பேசியிருக்கிறோம். ஒன்றில் ரேஷன் கடை, ஒன்றில் ஓட்டுச்சாவடிப் பள்ளி, மூன்றாவது ஊரில் இன்னும் கேட்கவில்லை, அவர்களே சொல்லட்டும். பழக்கப்போகும் ஆறு பேரில் பாதிக்கு மேல் பெண்கள், அதில் ஒருவர் பார்வையற்றவர். அம்மா சொன்ன போட்டோ விஷயத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

நியமன உறுப்பினர் பற்றி யாரும் சொல்லவில்லையே. முன்னாள் தாலுக்கா சார், மன்றத்துக்குள் போகப் போகிறவர் என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

முன்னாள் தாலுக்கா:

மன்றம் அமையும்வரை காத்திருக்க வேண்டாம் தம்பி. கிராம சபை இருக்கிறதே. வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனி அலுவலர் காலத்திலும் நடக்கும். கூட்டத்தன்று எழுந்து சத்தமாகப் பேசினால் எல்லோரும் கேட்பார்கள், பதிவேட்டில் ஏறாது. கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் தீர்மான வாசகத்தை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி, கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல்லி, முடிந்ததும் பதிவேட்டில் அந்த வாசகம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாதிக் கூட்டத்தில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவார்கள், போடவே கூடாது. இதை இப்போதே பழகியவர்தான் நாளை மன்றத்தில் உட்காரத் தகுதியான ஆள்.

அப்புறம் கணக்கு. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம், வரவு செலவு இரண்டையும் ஒருமுறை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் வீடு, நில ஒதுக்கீட்டிலும் 5 சதவீதம் என்பது 2016 சட்டத்தின் பிரிவு 37. உங்கள் ஊரில் வீடு கொடுத்தவர்கள் பட்டியலில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணினாலே பேச விஷயம் கிடைத்துவிடும். எண்ணுவதற்கு ஊரில் மொத்தம் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமே. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 11.79 லட்சம் என்று வந்தது, அப்போது கேட்டதே எட்டு வகைதான், அதுவும் வீட்டில் சொன்னால்தான் எழுதினார்கள். 2027 கணக்கெடுப்பு வருகிறது. வீடு வீடாகப் போய் ஒரு பட்டியலைக் குழுவே தயாரித்து வைத்திருந்தால் கணக்கெடுக்க வருபவரிடம் "இந்த வீட்டில் ஒருவர் விட்டுப்போயிற்று" என்று சொல்லலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா, விண்ணப்பித்தாரா, மருத்துவ முகாமுக்குப் போனாரா என்பதையும் அதே பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டையின் நிறத்தையும் எழுதுங்கள். வெள்ளை 40 சதவீதத்துக்குக் கீழ், மஞ்சள் 40 முதல் 79 வரை, நீலம் 80ம் அதற்கு மேலும். வெள்ளை அட்டையை வைத்துக்கொண்டு இட ஒதுக்கீடு கேட்டு அலைபவர்களுக்கு மறுமதிப்பீடு பற்றி முதலிலேயே சொல்லிவிடலாம்.

மூன்றுசக்கரம்:

குறித்துக்கொண்டேன் சார். பட்டியல் வேலையை முதல் மாதத்திலேயே ஆரம்பிக்கிறோம். வெள்ளைக்கோல் சாருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு கேள்வி: சைகை மொழி தெரிந்த, கிராமத்துக்கு வந்து ஒரு நாள் முழுவதும் இருக்கத் தயாரான, காது கேளாத இளைஞர் யாரையாவது வட மாவட்டங்களில் தெரியுமா? பஸ் காசு, சாப்பாடு, கூலி கொடுத்துவிடுவோம். தெரிந்தால் தனி மெசேஜில் சொல்லுங்கள், இங்கே நம்பர் போட வேண்டாம்.